விவசாய வருமானத்துக்கு வரி உண்டா? மேலூர்ப் பக்கத்து ஒரு கணக்கு

மேலூர்ப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல். கிணற்றை நம்பி ஒரு ஏக்கர் மல்லிகை. பறித்த பூ விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடும். தொழுவத்தில் கறவை மாடுகள். ரோட்டோரப் புஞ்சையில் ஒரு மூலையை செல்போன் டவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒத்தக்கடையில் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றும் உண்டு. எல்லாமே குடும்பத் தலைவர் பெயரில்.

இவர் வருமான வரி கட்ட வேண்டுமா? டீக்கடையில் கேட்டால் "விவசாயிக்கு ஏதுப்பா வரி" என்று முடித்துவிடுவார்கள். ஆடிட்டரிடம் போனால் அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார். நெல்லுக்கு இல்லை, மல்லிகைக்கு இல்லை. பாலுக்கு உண்டு, டவர் வாடகைக்கு உண்டு, கடைக்கு உண்டு. ஒரே ஆள், ஒரே ஊர், ஆனால் வருமானம் ஐந்து விதம். விலக்கு விவசாயி என்ற ஆளுக்குக் கொடுத்ததில்லை, அவர் பெயரில் உள்ள நிலத்துக்கும் கொடுத்ததில்லை. அந்த நிலத்தில் பயிர் வைத்து எடுத்த வருமானத்துக்கு மட்டும் கொடுத்தது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு விவசாய வருமானத்துக்கு விலக்கு அளித்தது. எது விவசாய வருமானம் என்பதை அதே சட்டத்தின் 2(1ஏ) பிரிவு சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, விலக்கு அப்படியே இருக்கிறது. சாரம் இதுதான்: நிலம் இந்தியாவில் இருக்க வேண்டும், அதில் விவசாயம் நடக்க வேண்டும். அந்த நிலத்திலிருந்து வரும் குத்தகை, விளைச்சலை விற்ற பணம், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் நிலைக்குத் தயார்செய்வதால் வரும் வருமானம் மூன்றும் விவசாய வருமானம். மதுரை டவுனில் குடியிருந்துகொண்டு உசிலம்பட்டியில் இருக்கும் வயலைக் குத்தகைக்கு விட்டு வாங்கும் பணமும் இதில் சேரும். சேற்றில் கால் வைத்தவர்தான் விவசாயி என்று சட்டம் பார்ப்பதில்லை.

விவசாயம் என்றால் என்ன என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1957-இல் ஒரு வழக்கில் பதில் சொன்னது. வங்காளத்து ஜமீன் ஒன்றின் காட்டில் இருந்த குங்கிலிய மரங்களைப் பற்றிய வழக்கு அது. ராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்கு என்று இன்றும் எல்லா ஆடிட்டர்களும் எடுத்துக்காட்டுவார்கள். உழுவது, விதைப்பது, நடுவது போன்ற அடிப்படை வேலை மண்ணில் நடந்திருக்க வேண்டும். களை எடுப்பது, மருந்தடிப்பது, காவல் காப்பது, அறுப்பது எல்லாம் அதன் தொடர்ச்சியாக வந்தால் அவையும் விவசாயம்தான் என்றது தீர்ப்பு. தானாக முளைத்த மரத்தை வெறுமனே காத்து நின்று வெட்டி விற்றால் அது விவசாயம் ஆகாது. கண்மாய்க்கரைப் புறம்போக்கில் யாரும் விதைக்காமலே மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தை ஏலம் எடுத்துக் கரி போட்டு விற்பவருக்கு இந்த விலக்கு ஏன் கிடையாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

எல்லைக்கோட்டில் நிற்பவைதான் சுவாரசியம். நெல்லைக் கதிரடித்துத் தூற்றிக் காயவைத்து விற்பதும், மிளகாயைக் களத்தில் காயப்போட்டு வற்றலாக விற்பதும் விவசாயத்துக்குள்ளேயே அடங்கும், ஏனென்றால் விவசாயி வழக்கமாகச் செய்கிற வேலைதான் அது. கரும்பு வேறு கதை. கரும்பை அப்படியே விற்கச் சந்தை இருக்கும்போது அதை ஆலையாட்டி வெல்லமாக்குவதில் கிடைக்கும் கூடுதல் லாபம் விவசாய வருமானம் இல்லை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. தேயிலைக்குச் சட்டவிதியே ஒரு விகிதம் வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் மதுரை மாவட்டத்தில் இருந்து இப்போது தேனி மாவட்டத்துக்குப் போய்விட்ட மேகமலையில், ஒருவர் தன் தோட்டத்துக் கொழுந்தைத் தானே தேயிலைத்தூளாக்கி விற்றால், வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில்.

நாற்றுப்பண்ணை வெகுநாள் சண்டையில் இருந்தது. தொட்டியிலும் பாலித்தீன் பையிலும் கன்று வளர்ப்பதை நிலத்தில் செய்த விவசாயமாக எடுத்துக்கொள்ளலாமா என்று வழக்குமேல் வழக்கு. 2008-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு விளக்கம் சேர்த்து, நாற்றுப்பண்ணைக் கன்று விற்பனையும் விவசாய வருமானமே என்று முடித்துவைத்தது.

கோழிப்பண்ணை, ஆட்டுப்பட்டி, மீன் குட்டை, பால் எல்லாம் வெளியே. ஊரார் பார்வையில் மாடு இல்லாமல் வெள்ளாமை ஏது என்பது சரிதான், ஆனால் சட்டத்துக்கு மாடு மண்ணில் விளைவதில்லை. அழகர்கோவில், நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் காய் பிடித்த பிறகு மொத்தமாக விலைபேசி வாங்கிப் பறித்து விற்கிற வியாபாரிக்கும் விலக்கு இல்லை, அவர் வாங்கி விற்பவர்தான். தோப்புக்காரருக்குக் கிடைக்கிற தொகை மட்டும் விவசாய வருமானம். செங்கல் சூளைக்கு மண் கொடுத்த பணமும், மேலூர் வட்டாரத்தில் பட்டா நிலத்தில் கிரானைட் வெட்டக் கொடுத்து வாங்கிய பணமும் நிலத்திலிருந்து வந்தவைதான், ஆனால் விவசாயத்திலிருந்து வந்தவை இல்லை. டவர் வாடகையும் அப்படியே.

நிலத்தை விற்பது தனி விஷயம். கிராமப்புற விவசாய நிலத்தைச் சட்டம் மூலதனச் சொத்தாகவே பார்ப்பதில்லை, அதனால் எத்தனை லட்சத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்லை. கிராமப்புறம் எது என்பதை மக்கள்தொகையும் தூரமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் பேர் உள்ள நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதற்கு மேல் 8 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் இருந்தால் நகர்ப்புற நிலம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மதுரை மாநகராட்சி பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே மாநகராட்சி எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகளுக்கு 2 கிலோமீட்டர். பஸ் போகும் ரோட்டை அளந்து பார்க்க வேண்டாம். காக்காய் பறக்கிற மாதிரி நேர்கோட்டில்தான் அளக்க வேண்டும். ரோடு சுற்றிப் போகும் ஊர்க்காரர்கள் பலர் தங்கள் நிலம் வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். உள்ளே இருந்தாலும் வழி இருக்கிறது: விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அவரோ பெற்றோரோ அதில் விவசாயம் செய்திருந்து, விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவுக்கு வரி தள்ளிப்போகும். மனையாகப் பிரித்துக் கல் ஊன்றி விற்பவர் இந்தப் பத்தியை நம்பி இருக்க வேண்டாம்.

சரி, இந்த விலக்கு எங்கிருந்து வந்தது? விவசாயி மேல் இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நிலத்தின் மேல் ஏற்கனவே இன்னொரு வரி இருந்தது, அதுவும் பெரிய வரி.

பாண்டியர் கல்வெட்டுகளில் கடமை, அந்தராயம் என்று நிலத்தின் மேல் விழும் இறைகள் வரிசையாக வருகின்றன. கோயிலுக்கும் பிராமணர்களுக்கும் விடப்பட்ட இறையிலி நிலங்களும் வருகின்றன. பின்னாளில் விளைச்சலை மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். மேல்வாரம் அரசுக்கோ அரசு யாருக்கு விட்டுக்கொடுத்ததோ அவருக்கோ, குடிவாரம் உழுதவருக்கு. களத்துமேட்டில் நெல்லாகவே அளந்துவிடுவார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது: விளையாத வருஷம் மேல்வாரமும் குறையும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மதுரைச் சீமையின் வரி வசூலே குத்தகைக்கு விடப்படும் பொருளாகிவிட்டது. மருதநாயகம் என்று நாம் சொல்லும் யூசுப்கான் அப்படி மதுரையை வசூல் குத்தகைக்கு எடுத்தவர்தான். ஆற்காட்டு நவாபுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அடங்க மறுத்து 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கம்பெனி நேரடியாக ஆளவந்த பிறகு இரண்டு முறைகளைச் சோதித்தது. ஒன்று ஜமீன்தாரி. சிவகங்கையும் ராமநாதபுரமும் அதன்கீழ் வந்தன. ஜமீன்தார் கம்பெனிக்கு நிலையான தொகை கட்டிவிட்டுக் குடிகளிடம் வசூலித்துக்கொள்ளலாம். மற்றொன்று பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1790-களில் உருவாக்கிய ரயத்துவாரி. இடையில் யாரும் இல்லை, அரசும் குடியானவனும் நேருக்கு நேர். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாம் முறைக்கு வந்துசேர்ந்தது. இன்று கையில் வைத்திருக்கும் பட்டா, சிட்டா, அடங்கல் என்ற பயிர்க் கணக்கு, நஞ்சை புஞ்சை தரம், தீர்வை என்ற நிலவரி எல்லாம் அந்த நிர்வாகத்தின் மிச்சம். ஜமீன்தாரி முறை சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

ரயத்துவாரியில் தீர்வை பணமாகக் கட்ட வேண்டியதாயிற்று. 1864-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் கொள்கை, சாகுபடிச் செலவு போக மிஞ்சும் விளைச்சலில் பாதி அரசுக்கு என்பது. பாதி! இன்றைய வருமான வரியின் உச்ச விகிதமே 30 சதவீதம்தான், அதுவும் புதிய வரிமுறையில் 24 லட்சத்துக்கு மேல். மழை பொய்த்தால் வஜா, அதாவது தீர்வைத் தள்ளுபடி, கேட்டு மனுப்போடலாம். கிடைப்பது கிராமக் கணக்கர் முதல் கலெக்டர் வரை எத்தனை பேர் மனசு வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு நெல் அளப்பதற்கும் பணம் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

தண்ணீர் வந்தால் தீர்வையும் ஏறும். முல்லைப் பெரியாறு அணை மதுரையின் தாகத்துக்காகக் கட்டப்பட்டது என்று பேசுகிறோம், பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் சென்னை அரசாங்கம் அதில் வருவாய்க் கணக்கும் போட்டது. 1886-இல் திருவிதாங்கூருடன் போட்ட குத்தகையில் 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டார்கள். 1895-இல் தண்ணீர் வந்ததும் மேலூர் வரைக்கும் புஞ்சை நஞ்சையாக மாறியது, பாசன வருவாய் போட்ட முதலைத் திருப்ப வேண்டும் என்பது கணக்கு.

இதற்கிடையில்தான் வருமான வரி உள்ளே வருகிறது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலியானதால் 1860-இல் ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி உறுப்பினர் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரி போட்டார். அப்போது விவசாய வருமானமும் அதற்குள்ளே இருந்தது. நம்மில் பலருக்கு இது தெரியாது. ஐந்து ஆண்டில் அது காலாவதியாகி, வேறு பெயர்களில் வந்து வந்து போய், 1886-இல் நிலையான சட்டமாக வந்தபோது விவசாய வருமானத்தை வெளியே வைத்தார்கள். நிலத்துக்காரர் ஏற்கனவே தீர்வையும் அதன் மேல்வரிகளும் கட்டுகிறார், ஒரே விளைச்சலுக்கு இரண்டு வரி வேண்டாம் என்பது வாதம். அன்றைக்கு அந்த வாதத்தில் பொருள் இருந்தது.

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்தது. அதைப் பயன்படுத்தி 1938-இல் பீகார் முதலில் போட்டது. நம் அரசியல் சட்டம் அதையே தொடர்ந்தது: ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 82-ஆவது இனம் விவசாய வருமானம் தவிர்த்த வருமானத்துக்கு வரி, மாநிலப் பட்டியலின் 46-ஆவது இனம் விவசாய வருமானத்துக்கு வரி. ஆக டெல்லி நினைத்தாலும் நேராகப் போட முடியாது, மாநிலம் நினைத்தால் போடலாம். நம் மாநிலமும் 1955-இல் தோட்டப்பயிர்களில் தொடங்கிச் சட்டம் போட்டுப் பார்த்தது. இன்று மேலூரில் நெல் போடுபவர் யாரும் மாநிலத்துக்கு விவசாய வருமான வரி என்று ஒன்று கட்டுவதில்லை.

நிலத் தீர்வை என்னவாயிற்று? இன்னும் இருக்கிறது. ஆண்டுதோறும் தாலுகா ஆபீஸில் கிராம வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியும் நடக்கிறது. விலைவாசி எங்கோ போய்விட்டது, தீர்வை கூடவே போகவில்லை. ஏக்கருக்குச் சில ரூபாய் அளவில் நின்றுவிட்டது. பலர் அதைக் கட்டுவதே அனுபோகத்துக்குச் சாட்சியாக ரசீது வேண்டும் என்பதற்காக. இரட்டை வரி கூடாது என்று கொடுத்த விலக்கு நின்றது, அந்த முதல் வரி மட்டும் பேருக்கு ஆகிவிட்டது.

1972-இல் கே.என். ராஜ் தலைமையிலான குழு, விவசாயச் சொத்துக்கும் வருமானத்துக்கும் எப்படி வரி போடலாம் என்று ஆராய்ந்து, நிலவரிக்குப் பதிலாக நில உடைமை வரி ஒன்றைப் பரிந்துரைத்தது. அதை எடுத்து நடத்த மாநிலங்கள் முன்வரவில்லை. ஆனால் விவசாய வருமானத்தை மற்ற வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கும் முறை 1973-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்தது. இன்றும் நம் மேலூர்க்காரரைத் தொடுவது அதுதான். விவசாய வருமானத்துக்கு நேராக வரி இல்லை, ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் என்று பார்க்கும்போது அதையும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு நிபந்தனைகள்: செலவு போக விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்ட வேண்டும், மற்ற வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்ட வேண்டும்.

எண்களைப் போட்டால் புரியும். 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. கடை, பால், டவர் எல்லாம் சேர்ந்து 14 லட்சம். நெல்லும் மல்லிகையும் செலவு போக 6 லட்சம். முதலில் இரண்டையும் கூட்டி 20 லட்சத்துக்கு வரி பார்க்க வேண்டும்: 4 லட்சம் வரை இல்லை, அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20 சதவீதம், மொத்தம் 2,00,000. அடுத்து விவசாய வருமானம் 6 லட்சத்தோடு விலக்கு வரம்பான 4 லட்சத்தைக் கூட்டி 10 லட்சத்துக்கு வரி: 40,000. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 1,60,000; 4 சதவீத மேல்வரியோடு (செஸ்) 1,66,400. விவசாயமே இல்லாமல் 14 லட்சம் மட்டும் இருந்திருந்தால் 93,600-தான். நெல்லுக்கு வரி இல்லை, ஆனால் நெல் இருப்பதால் கடைக்குக் கூடுதலாக 72,800.

இதைவிட அதிகம் திகைப்பவர்கள், ஊரில் நிலம் உள்ள சம்பளக்காரர்கள். 12 லட்சம் வரை வரியில்லை என்ற செய்தியைப் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். கழிவுகள் போகச் சம்பளம் 10 லட்சம், விவசாயம் 6 லட்சம் என்றால், 16 லட்சத்துக்கு 1,20,000, அதில் 40,000 போக 80,000. 12 லட்சம் வரை வரியைப் பூஜ்யமாக்குவது 87ஏ பிரிவின் தள்ளுபடிதான், அது அதிகபட்சம் 60,000. மிச்சம் 20,000-ஐ மேல்வரியோடு கட்டத்தான் வேண்டும். விவசாயம் மட்டுமே செய்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர் 6 லட்சம் எடுத்தாலும் 60 லட்சம் எடுத்தாலும் வருமான வரி பூஜ்யம்.

அந்த 60 லட்சம்தான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு மூன்று ஏக்கர்காரர் செலவு போக ஆண்டுக்கு 4 லட்சம் எடுப்பதே கடினம். விலக்கு இல்லாவிட்டாலும் அவர் வரி வரம்புக்குள் வரப்போவதில்லை. ஆகவே விலக்கால் உண்மையில் லாபம் பெறுவது பெரிய விவசாயிகளும், வேறெங்கோ வந்த பணத்தை விவசாயக் கணக்கில் எழுதுபவர்களும். விவசாய வருமான விலக்கு போதிய ஆவணம் பார்க்காமலே பல பேருக்கு அனுமதிக்கப்பட்டிருப்பதை மத்திய தணிக்கைத் துறை 2019 அறிக்கையில் சுட்டிக்காட்டியது. மறுபக்கமும் உண்டு: விவசாயத்தில் நஷ்டம் வந்தால் அதைக் கடை லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுகளின் விவசாய வருமானத்தில்தான் சரிக்கட்டலாம்.

சிறு விவசாயி வரியே கட்டுவதில்லை என்று பேசுவதும் தப்பு. விளைச்சலை விற்பதற்கு அவர் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை, அதனால் வாங்கிய பொருளில் கட்டிய வரியைத் திரும்பக் கோரவும் முடியாது. உரத்தில் 5 சதவீதம், பூச்சிமருந்தில் 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டரில் 5 சதவீதம், எல்லாம் அவர் செலவிலேயே கரைகிறது. டீசல் மேல் உள்ள வரி இதற்கு வெளியே.

கடைசியாகக் காகித வேலை. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிய படிவங்களான ஐ.டி.ஆர். 1, 4 இரண்டும் செல்லாது. தொழில் இல்லாதவருக்கு 2, கடை வைத்திருப்பவருக்கு 3. விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதையும் எழுத வேண்டும். வருமான வரி கட்டியவருக்குப் பி.எம். கிசான் 6,000 ரூபாய் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். கேள்வி வந்தால் காட்டுவதற்குச் சிட்டா, அடங்கல், கமிஷன் மண்டிப் பட்டியல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்து ரசீது, உரக்கடை பில் எல்லாம் வேண்டும். பூ மார்க்கெட்டில் கையில் வாங்கும் காசுக்கும் ஒரு சீட்டு வாங்கி வைப்பது நல்லது. அடங்கல் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வி.ஏ.ஓ. கணக்கு ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டில் ஓடுகிறது, வருமான வரி ஏப்ரலில் தொடங்குகிறது. 2025-26-க்குக் கணக்குக் காட்ட பசலி 1434, 1435 இரண்டின் அடங்கலும் கையில் இருக்க வேண்டும்.